பெண்கள் கட்டிய வீடு: வியாபாரிகளாகிய நாம் படிக்க வேண்டிய ஒரு பாடம்



கஷ்டப்படும் குடும்பத்துக்கு அரிசி மூட்டை கொடுப்பது நமக்குப் பழக்கமான காரியம். வெள்ளம் வந்தால் பாயும் போர்வையும் அனுப்புகிறோம். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பிள்ளைகளுக்குச் சட்டையும் நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுக்கிறோம். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பாய் ஒரு வருஷத்தில் கிழிந்துவிடும். கூரை ஒழுகி, பலகை உளுத்த வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு நல்ல வீடு அமைந்துவிட்டாலோ, அதன் பயனைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை அவர்கள் அனுபவிப்பார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளைப் பெண்கள் தொண்டர்களாகச் சேர்ந்து தங்கள் கையாலேயே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னால், நம்மில் பலர் ஆச்சரியப்படுவார்கள். "பெண்கள் வேலையாட்களுக்குச் சோறாக்கிப் போடட்டும், கல்லும் மண்ணும் ஆண்பிள்ளை வேலை" என்று கடை அஞ்சடியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இந்தத் தீர்ப்பு சரிதானா? பெண்கள் கட்டிய வீடுகள் எப்படி எழுந்தன? அவற்றுக்குப் பின்னால் இருந்த கணக்கு என்ன? நம் ஜொகூரில் அப்படி ஒரு வீடு எழ வேண்டுமானால் நாம் என்ன செய்ய வேண்டும்? இவற்றையே இந்தப் பாடத்தில் ஆராய்வோம்.

1. சித்தாளும் கொத்தனாரும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கட்டட வேலை பெண்களுக்குப் புதிதே அல்ல. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், எந்தக் கட்டடம் எழும் இடத்திலும் தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமக்கும் பெண்ணைக் காணலாம். சாந்துச் சட்டியைச் சாரத்தின் மேலே ஏற்றுகிறவள் அவளே. மணலைச் சலிப்பதும், தண்ணீர் சுமப்பதும், கட்டிய சுவரை நனைப்பதும் அவளே. அவளுக்குச் "சித்தாள்" என்று பெயர்.

அவள் பக்கத்தில் கரணை பிடித்துச் சுவர் எழுப்புகிறவர் கொத்தனார். கொத்தனாரிடம் எடுபிடியாகச் சேரும் ஒரு பையன் சில வருஷங்களில் கரணை பிடிக்கக் கற்று, தானும் ஒரு கொத்தனாராகிவிடுகிறான். அவன் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் சேர்ந்த பெண்ணோ, தலைமுடி நரைத்த பிறகும் பெரும்பாலும் சித்தாளாகவே இருக்கிறாள். கூலியும் சித்தாள் கூலியே. அவளுக்குப் பலம் இல்லை என்பதா காரணம்? நாள் முழுவதும் செங்கல்லைச் சுமந்து ஏணி ஏறுகிறவளுக்கு, ஒரு செங்கல்லை எடுத்துச் சாந்தின் மேல் வைக்கப் பலம் போதாது என்று எவரும் சொல்ல முடியாது. அவள் கையில் யாரும் கரணையைக் கொடுத்துக் கற்பிக்கவில்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

இங்கே நமக்கு மிக அருகிலும் ஓர் உதாரணம் உண்டு. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் "சம்சுய்" பெண்கள் என்று ஒரு கூட்டத்தார் இருந்தனர். சீனாவின் குவாங்டோங் மாகாணத்துச் சம்சுய் பகுதியிலிருந்து, பெரும்பாலும் 1920களிலிருந்து 1940கள்வரை கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். 1933ல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் வெளிநாட்டார் சட்டம் ஒன்று கொண்டுவந்து, சீன ஆண்கள் வந்திறங்குவதற்கு வரம்பு கட்டியது. பெண்களுக்கு அந்த வரம்பு 1938 வரை வரவில்லை. ஆகவே அந்த வருஷங்களில் ஏராளமான பெண்கள் வந்தனர். அவர்களில் பலர் கட்டட வேலைக்கே போனார்கள். மண் வெட்டினார்கள், செங்கல்லும் மணலும் கூடையில் வைத்துக் காவடி கட்டிச் சுமந்தார்கள், மூங்கில் சாரத்தில் ஏறினார்கள். சிங்கப்பூரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் வியர்வை இருக்கிறது.

அவர்கள் உடையையும் நாம் கவனிக்க வேண்டும். தலையை முழுவதும் மூடிய சிவப்புத் துணி, கைமுட்டுக்குக் கீழே இறங்கிய கறுப்புச் சட்டை, நீளக் காற்சட்டை, பழைய மோட்டார் டயரை வெட்டிச் செய்த செருப்பு. தலையை மூடி உடம்பை மறைத்து உடுத்தினால் கட்டட வேலை செய்ய முடியாது என்று நம்மிடையே சொல்பவர்களுக்கு இதுவே போதுமான பதில்.

2. சார்லட் நகரத்து வீடு

இனி, பெண்கள் தொண்டர்களாகவே ஒரு வீட்டைக் கட்டிய கதைக்கு வருவோம்.

அமெரிக்காவில் மில்லர்ட் ஃபுல்லர் என்றொருவர் இருந்தார். அலபாமா மாநிலத்துக்காரர். வக்கீல் படிப்புப் படித்தவர். அதோடு கெட்டிக்கார வியாபாரி. 30 வயதுக்கு முன்பே பத்து லட்சம் டாலருக்கு அதிபதியானார். ஆனால் ஓயாத வியாபாரத்தில் குடும்ப வாழ்க்கை முறியும் நிலைக்கு வந்தது. 1965ல் அவரும் அவர் மனைவி லிண்டாவும் சொத்தை விற்றுத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு, வேறு வாழ்க்கையைத் தேடினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்ற சிற்றூருக்கு அருகே, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்த ஒரு பண்ணை இருந்தது. அங்கே போய், ஏழை விவசாயக் குடும்பங்களுக்கு வீடு கட்டும் வேலையில் சேர்ந்தார்கள். பின்னர் 1973 முதல் சுமார் மூன்று வருஷம் ஆப்பிரிக்காவில் ஸயர் என்று அப்போது பெயர்பெற்றிருந்த காங்கோ நாட்டிலும் அதே வேலையைச் செய்தார்கள். திரும்பி வந்து, 1976ல் "ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டி" என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். மனிதகுலத்துக்கு வசிப்பிடம் என்பது அதன் பொருள்.

அது கிறிஸ்தவர்கள் தொடங்கிய ஸ்தாபனம். ஆயினும் வீடு பெறும் குடும்பத்தின் மதத்தை அது நிபந்தனையாக வைப்பதில்லை. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோஸலினும் 1984 முதல் அந்த ஸ்தாபனத்தின் வீடுகளில் தாங்களே சுத்தியல் பிடித்து வேலை செய்தனர். 2006ல் இந்தியாவில், மகாராஷ்டிரத்து லோனாவாலாவுக்கு அருகிலும் வந்து தொண்டர்களோடு வேலை செய்தனர்.

இந்த ஸ்தாபனத்தின் வேலைத்தலங்களுக்குப் பெண்களும் தொண்டர்களாக வந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது? பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பதும், பெருக்குவதும், கடைசியில் சாயம் பூசுவதும். பக்கத்தில் வேலை தெரிந்த ஆண் ஒருவர் நிற்கும்போது, ரம்பமும் அளவு நாடாவும் தானாகவே அவர் கைக்குப் போய்விடும். இது கெட்ட எண்ணத்தால் நடப்பதன்று. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தால் நடப்பது. ஆனால் அவசரத்தில் எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆகவே 1991ல், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரத்தில், பெண்களே ஒன்றுசேர்ந்து ஒரு குடும்பத்துக்கு ஒரு வீட்டைக் கட்டினார்கள். அதுவே பெண்கள் குழுவால் கட்டப்பட்ட அந்த ஸ்தாபனத்தின் முதல் வீடு. அந்த முயற்சி பிறகு "பெண்கள் கட்டுமானம்" என்ற தனித் திட்டமாக அமெரிக்கா முழுவதும் பரவி, வேறு பல நாடுகளுக்கும் சென்றது. ஆண்களை விலக்கி வைப்பது அதன் நோக்கம் அல்ல. வேலை தெரியாத ஒரு பெண் கூச்சமில்லாமல் கேட்டு, செய்து, பிழைவிட்டுத் திருத்திக் கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம்.

கொத்துவேலை தெரியாதவர்கள் எப்படி வீடு கட்ட முடியும் என்ற சந்தேகம் வரலாம். அமெரிக்காவில் இந்த வீடுகள் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். மரத்தை அளந்து அறுப்பார்கள். தரையில் படுக்க வைத்து ஆணியடித்துச் சுவரின் சட்டத்தைச் செய்வார்கள். பிறகு பத்துப் பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துவார்கள். ஒவ்வொரு வேலையும் சிறு சிறு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு வேலையை ஒரு காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். முழு வேலையும் அறிந்த ஒரு மேற்பார்வையாளர் எப்போதும் கூடவே நிற்பார். மின்சாரம், தண்ணீர்க் குழாய் போன்றவற்றைத் தொழில் அறிந்தவரிடம் விட்டுவிடுவார்கள்.

இதிலிருந்து முதற்பாடம் என்ன? கட்டடம் தொண்டுள்ளத்தால் மட்டும் எழாது. வேலையைப் பிரித்துக் கொடுக்கவும், கற்பிக்கவும், சரிபார்க்கவும் ஒருவர் இருந்தால்தான் எழும்.

3. வட்டியும் இலாபமும் இல்லாத கணக்கு

வியாபாரிகளாகிய நமக்கு மிகவும் பயன்படும் பகுதி இதுதான்.

ஃபுல்லர் ஒரு வியாபாரி அல்லவா? அவர் வீட்டைச் சும்மா கொடுக்கவில்லை. அடக்க விலைக்கு விற்றார். அதன்மேல் இலாபம் வைக்கவில்லை. குடும்பம் அந்த விலையைப் பல வருஷத் தவணையில் கட்டியது. அதன்மேல் வட்டியும் போடவில்லை. வந்த தவணைப் பணம் ஒரு பொதுநிதியில் சேர்ந்தது. அந்த நிதியிலிருந்து அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குச் செங்கல்லும் மரமும் வாங்கப்பட்டன. வட்டியை விலக்கி வாழ வேண்டியவர்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று அந்த ஸ்தாபனத்தின் கிளைகள் ஊருக்கு ஊர் வெவ்வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஆனால் ஆரம்பத்தில் வகுத்த விதி இதுவே.

குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் கேட்டார்கள். முதலாவது, தேவை உண்மையானதா? இரண்டாவது, சிறு தவணையைக் கட்டச் சக்தி உண்டா? மூன்றாவது, தங்கள் உழைப்பையும் சேர்க்க மனம் உண்டா?

இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். வீடு பெறும் குடும்பம் பல நூறு மணி நேரம் தன் உழைப்பைப் போட வேண்டும். தன் வீட்டில் மட்டுமன்றி, பிறர் வீட்டிலும் போட வேண்டும். ஒரு தாய் தன் பிள்ளைகள் படுக்கப்போகும் அறைக்குத் தானே ஆணியடிக்கிறாள். நாளைக்கு அவ்வீட்டில் குடியேறும்போது, அவள் இன்னொருவர் தயவில் குடியேறவில்லை. தான் கட்டிய வீட்டில் குடியேறுகிறாள். வாங்கிய கை தாழ்ந்தது என்று அக்கம்பக்கத்தார் பேச இடமில்லை. அன்றியும் கதவு சாய்ந்தாலும் கூரை ஒழுகினாலும் அதைச் சரிசெய்ய அவளுக்கே தெரியும்.

நாம் படத்துக்கு நின்று சாவியைக் கொடுக்கும் தர்மத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சகோதரர்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

4. இந்தியாவில் கரணை பிடித்த பெண்கள்

அமெரிக்காக் கதை நமக்கு எட்டாதது என்று சிலர் எண்ணக்கூடும். இந்தியாவிலிருந்து மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, லாத்தூர். 1993 செப்டம்பர் 30ம் தேதி விடியுமுன் மகாராஷ்டிரத்து லாத்தூர், உஸ்மானாபாத் பகுதிகளில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மண்ணில் கல்லடுக்கிய கனமான சுவர்கள் தூங்கியவர்கள் மேலேயே விழுந்தன. பிறகு வீடுகளைப் பழுதுபார்க்கவும் பலப்படுத்தவும் அரசாங்கம் உதவி கொடுத்தபோது, "ஸ்வயம் சிக்ஷண் பிரயோக்" என்ற ஸ்தாபனத்தின் முயற்சியால் கிராமத்துப் பெண்களே அரசாங்கத்துக்கும் குடும்பங்களுக்கும் நடுவில் நின்று வேலை செய்தனர். பூகம்பத்தைத் தாங்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கற்று, வீடு வீடாகச் சொல்லி, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்தனர். வீட்டிலேயே இருப்பவர்கள் பெண்கள். ஆகையால் சிமெண்டு குறைந்தாலும், கம்பி விட்டுப்போனாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

இரண்டாவது, கேரளம். அங்கே 1998 மே மாதம் மலப்புறத்தில் தொடங்கப்பட்டது "குடும்பஸ்ரீ" என்ற பெண்கள் இயக்கம். 2010களின் பிற்பகுதியில் அதன் பெண்களைக் கொண்டு கட்டடக் குழுக்கள் அமைத்தார்கள். வகுப்பறைப் பாடத்தோடு நிறுத்தவில்லை. வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு உண்மையான ஒரு வீட்டைக் கட்டியபடியே அஸ்திவாரம் முதல் பூச்சு வரை கற்பித்தார்கள். பயிற்சி முடியும்போது பெண்களுக்குத் தொழில் கிடைத்தது. அந்தக் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. இவர்கள் தொண்டர்கள் அல்லர், கூலி பெறுபவர்கள். ஆயினும் கற்பிக்கும் முறையை நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஜார்க்கண்டு. ஹிந்தியில் கொத்தனாருக்கு "ராஜ் மிஸ்திரி" என்று பெயர். கிராமங்களில் கழிப்பறைகள் கட்ட ஆள் போதாதபோது அங்கே பெண்களுக்குக் கொத்துவேலை கற்பித்தார்கள். அவர்களுக்கு ஊரார் "ராணி மிஸ்திரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சித்தாள் என்ற சொல்லுக்கும் ராணி மிஸ்திரி என்ற சொல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கரணைதான்.

5. ஜொகூருக்கு வருவோம்

நம் நாட்டில் சேர்ந்து வேலை செய்வது பழைய வழக்கம். கம்பத்தில் "கோத்தோங் ரோயோங்" என்றால் ஊரே கூடிவிடும். பழைய காலத்தில் மரவீட்டை அப்படியே தோளில் தூக்கி வேறிடத்தில் வைத்த ஊரார் உண்டு. ஜொகூரில் ஜாவாக்காரர் நிறைந்த கம்பங்களில் கல்யாணம் என்றால் "ரெவாங்" என்று சொல்லிப் பெண்கள் கூடி, ஆயிரம் பேருக்குச் சமைத்து இறக்கிவிடுவார்கள். ஆயிரம் பேருக்கு அளவு பிசகாமல் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்று அளக்கத் தெரியாமல் போகுமா?

தொண்டர்களே வீடு கட்டும் முறையும் இங்கே இல்லாததன்று. 2010 முதல் "எபிக் ஹோம்ஸ்" என்ற அமைப்பு, தீபகற்பத்தில் ஓராங் அஸ்லி குடும்பங்களுக்கு ஆண் பெண் தொண்டர்களைக் கொண்டு வீடு கட்டி வருகிறது. தொண்டர்களுக்கு முதலில் பயிற்சி. பிறகு முன்னதாகவே அளவெடுத்துத் தயாரித்த பாகங்களைக் கொண்டு சுமார் மூன்று நாளில் வீட்டை எழுப்பிவிடுகிறார்கள். அந்தக் குடும்பமும் கூடவே உழைக்கிறது.

ஜொகூரில் தேவை எவ்வளவு என்பதை வெள்ளம் நமக்குக் காட்டியிருக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய ஊர்கள் மூழ்கியதை மறந்தவர் இல்லை. 2023 மார்ச்சில் மறுபடியும் சிகாமட், குளுவாங், பத்து பஹாட் பகுதிகளில் வெள்ளம் வந்தது. பத்து பஹாட்டில் பல இடங்களில் தண்ணீர் வடியவே வாரக்கணக்காயிற்று. அப்போது நம் கடைகளிலிருந்து சாமான் போயிற்று. தண்ணீர் வடிந்தபின் வசதியுள்ளவர்கள் வீட்டைச் சரிசெய்துகொண்டார்கள். வசதியில்லாத தாயும் பிள்ளைகளும் அதே உளுத்த பலகைச் சுவருக்குள்ளேயே திரும்பிப் போனார்கள்.

அப்படி ஒரு குடும்பத்துக்கு நம் சங்கத்து மாதர் வீடு கட்ட முன்வந்தால், ஆணி ஒன்று அடிக்குமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் நிலம். அது யார் பெயரில் இருக்கிறது? 1965ம் வருஷத்துத் தேசிய நிலச் சட்டப்படி, பதிவில் உள்ள பெயரே பேசும். வாய்ச் சொல் பேசாது. பிறர் நிலத்தில் கட்டிய வீடு, நிலத்துக்காரரின் பிள்ளைகள் காலத்தில் இடிபடக்கூடும். ஆகவே நில அலுவலகத்தில் பதிவைப் பார்த்த பிறகே மற்றக் காரியம்.

இரண்டாவது அனுமதி. 1974ம் வருஷத்துத் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி, ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். தர்மத்துக்குக் கட்டுகிறோம் என்பதால் சட்டம் விலகி நிற்காது.

மூன்றாவது உயரம். பழைய மலாய் வீடு கால்களின் மேல் நின்றது காரணமில்லாமலா? அக்கம்பக்கத்தில் போன வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறியது என்று கேட்டறிந்து, தரைமட்டத்தை அதற்குமேலே வைக்க வேண்டும்.

நான்காவது பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. மெர்சிங், கோத்தா திங்கிப் பக்கம் அப்போது அஸ்திவாரம் தோண்டினால் குளம்தான் மிஞ்சும்.

ஐந்தாவது ஆசிரியர். பதிவு பெற்ற நல்ல மேஸ்திரி ஒருவரைக் கூலி கொடுத்தே அமர்த்த வேண்டும். அவர் பொறுமையாகக் கற்பிப்பவராயும் இருக்க வேண்டும். செங்கல்லை நனைத்து வைப்பது ஏன், தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேரைப் பார்ப்பது எப்படி, ரசமட்டம் காட்டுவது என்ன, கலந்த சாந்து இறுகத் தொடங்கியபின் அதில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைக்கக் கூடாதென்பது ஏன், கட்டிய சுவரைக் குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் காப்பது எதற்கு என்பதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மின்சார இணைப்பை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். தலைக்கவசமும், தடித்த செருப்பும், கையுறையும் இல்லாமல் எவரையும் வேலைத்தலத்துக்குள் விடக்கூடாது.

6. வியாபாரியின் பங்கு

பெண்கள் கரணை பிடித்தால் நாம் என்ன செய்வது? நமக்கு வேலை உண்டு.

சிமெண்டு, கம்பி, ஆணி, தகரம் விற்கும் சகோதரர்கள் அடக்க விலைக்குச் சரக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது கடையில் தேங்கிப்போன துருப்பிடித்த ஆணியையும், ஈரம் பட்டுக் கட்டி தட்டிய சிமெண்டையும் தள்ளிவிடுவது தர்மம் ஆகாது. இறுகிய சிமெண்டால் கட்டிய சுவர் நம் பெயரைச் சொல்லிக்கொண்டே உதிரும்.

கணக்கு எழுதுவது நம் தொழில். வீட்டு நிதிக்குத் தனிப் பேரேடு வேண்டும். வந்த வெள்ளி, வந்த சாமான், போன சாமான், மிச்சம் என்று நாள்தோறும் எழுத வேண்டும். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து. அதில் ஒருவர் மாதர் குழுவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும். ஜகாத் பணத்தை இந்தப் பொதுக் கணக்கோடு கலக்கக் கூடாது. ஜகாத்துக்குத் தகுதியுள்ள குடும்பமானால், ஜொகூர் மாநில இஸ்லாமிய மன்றத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உதவலாம்.

இன்னொரு பங்கு உண்டு. அதுதான் கடினமானது. ஜொகூரில் 2025 ஜனவரி முதல் வார விடுமுறை சனியும் ஞாயிறுமாயிற்று. அந்த நாட்களில் வீட்டுப் பெண்கள் வேலைத்தலத்துக்குப் போனால், பிள்ளையைப் பார்ப்பது யார்? உலை வைப்பது யார்? நம்மில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள். கடையில் நூறு பேருக்கு ரொட்டி தட்டத் தெரிந்த கைக்கு, வீட்டில் நான்கு பேருக்குச் சோறாக்கத் தெரியாது என்று சொல்வது பொருந்தாது. வேலைத்தலத்துக்கு மதியச் சாப்பாட்டை நாமே ஆக்கி அனுப்பலாம். "பெண்கள் சோறாக்கட்டும், ஆண்கள் கட்டட்டும்" என்ற தீர்ப்பை ஒரே ஒரு தடவை திருப்பி வைத்துப் பார்ப்போமே!

7. சில ஆட்சேபங்கள்

"கூலிக்கு ஆள் வைத்தால் சீக்கிரம் முடியுமே" என்பார்கள். உண்மைதான். கைதேர்ந்த கொத்தனார் ஒரு நாளில் எழுப்பும் சுவருக்குத் தொண்டர்களுக்குப் பல நாள் ஆகும். ஆனால் கூலியாள் வேலை முடிந்து போகும்போது தொழிலையும் கூடவே கொண்டுபோகிறான். தொண்டர்கள் கட்டினால் ஊரில் இருபது பெண்கள் சுவரின் நேர் கோணலைப் பார்க்கத் தெரிந்தவர்களாக மிஞ்சுகிறார்கள். அடுத்த வெள்ளத்தின்போது அந்த இருபது பேர் எவ்வளவு உபயோகமானவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

"கனமான வேலையாயிற்றே" என்பார்கள். தூண் நிறுத்துவதும் உத்தரம் ஏற்றுவதும் ஆண்களுக்கும் தனியாக முடியாது. பத்துப் பேர் கூடியோ, கப்பி போட்டு இழுத்தோதான் அவர்களும் ஏற்றுகிறார்கள். அந்த உபாயம் எல்லோருக்கும் பொது.

"நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பார்கள். அந்த நாலு பேரையும் வேலைத்தலத்துக்கு அழைத்து, ஆளுக்கொரு செங்கல் கூடை கொடுத்துவிட்டால், பேச நேரமிராது.

"ஒரு வீட்டால் ஊர்க் கஷ்டம் தீர்ந்துவிடுமா" என்றும் கேட்பார்கள். தீராது. ஆனால் முதல் குடும்பத்தின் தவணை இரண்டாவது வீட்டின் அஸ்திவாரமாகும். முதல் வீட்டில் கற்றவர்கள் இரண்டாவது வீட்டில் ஆசிரியராவார்கள். கடையும் அப்படித்தானே வளர்கிறது? முதல் நாள் சரக்கு விற்ற பணத்தில்தான் மறுநாள் சரக்கு வாங்குகிறோம்.

8. பாடத்தின் சாரம்

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்வோம். பெண்கள் எக்காலமும் வீடு கட்டியே வந்திருக்கிறார்கள். சுமக்க விட்டோம், கற்பிக்கவில்லை. எங்கே கற்பித்தார்களோ அங்கே வீடு எழுந்தது. சார்லட்டில் எழுந்த வீடு நல்ல ஆசிரியர், நேரான கணக்கு, குடும்பத்தின் சொந்த உழைப்பு என்ற மூன்று கால்களின் மேல் நின்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வீடு சாயும்.

அடுத்த மாதாந்தரக் கூட்டத்துக்கு வருமுன் சகோதரர்கள் கீழ்க்கண்டவற்றுக்கு வீட்டில் கலந்துபேசி விடை கொண்டுவர வேண்டுகிறோம்.

ஒன்று: நம் ஊரில், சொந்த நிலமிருந்தும் நல்ல வீடில்லாத குடும்பம் எது?

இரண்டு: அந்தக் குடும்பத்தால் மாதம் எவ்வளவு தவணை கஷ்டமில்லாமல் கட்ட முடியும்?

மூன்று: பொறுமையாகக் கற்பிக்கக் கூடிய மேஸ்திரி யார்?

நான்கு: நம் கடையிலிருந்து எந்தச் சாமானை அடக்க விலைக்குக் கொடுக்க முடியும்?

ஐந்தாவது கேள்வியை நாம் கேட்க வேண்டியது நம் வீட்டிலேயே: "இந்த வேலைக்கு வர உங்களுக்கு விருப்பமுண்டா?" என்று நம் மனைவியிடமும், சகோதரியிடமும், மகளிடமும் கேட்க வேண்டும். அவர்களுக்காக நாமே விடையை எழுதிக்கொண்டு வர வேண்டாம்.